பெங்களூர்க் குடிநீர்: பழைய பம்புகளைப் புதுப்பிக்கும் பணி

ஒரு நகரத்திற்குக் குடிநீர் வழங்கும் திட்டம் என்றவுடன் அணையும், சுத்திகரிப்பு நிலையமும், நெடுந்தொலைவு செல்லும் குழாய்களும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றிற்கிடையே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் பம்புகள் பலருடைய கவனத்திற்கு வருவதில்லை. எனினும், மேட்டு நிலத்தில் அமைந்த நகரங்களைப் பொறுத்தவரை பம்புதான் குடிநீர்த் திட்டத்தின் இதயம். அது நின்றால் ஆற்றில் நீர் நிறைந்திருந்தாலும் வீட்டுக் குழாயில் நீர் வராது. அது ஓடியும் தேய்ந்துபோயிருந்தால் நீர் வரும்; ஆனால் அதற்காக நகரம் செலுத்தும் மின் கட்டணம் ஆண்டுதோறும் ஓசையின்றி உயர்ந்துகொண்டே போகும். இந்த உண்மையை விளக்குவதற்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்தியாவில் அரிது.

மேட்டு நகரம், தாழ்வில் ஆறு

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் எல்லைக்குள் வற்றாத ஆறு எதுவும் ஓடவில்லை. பழங்காலத்தில் ஏரிகளும் கிணறுகளுமே நகரின் தேவையை நிறைவு செய்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவை போதாமற்போகவே, மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில் அர்க்காவதி ஆற்றின் மீதுள்ள ஹெசரகட்டா ஏரியிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டம் உருவாயிற்று. ஏரியிலிருந்து சோலதேவனஹள்ளி வரை நீர் தன் பாய்ச்சலிலேயே வந்தது. அங்கிருந்து நகருக்கு அதை மேலேற்ற நீராவி இயந்திரங்கள் பயன்பட்டன. நவீன குடிநீர் வழங்கலின் தொடக்க நாளிலிருந்தே பெங்களூர் பம்பை நம்பி வாழும் நகரமாகிவிட்டது என்பதை இது காட்டுகிறது. அதன்பின் 1933-இல் திப்பகொண்டனஹள்ளியில் சாமராஜ சாகர் நீர்த்தேக்கம் அமைந்தது.

நகரம் மேலும் வளர்ந்தபோது காவிரியை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை ஏற்பட்டது. பெங்களூர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்றல் வாரியம் 1964-இல் அமைக்கப்பட்டது. காவிரித் திட்டத்தின் முதற்கட்டம் 1974-இல் செயற்பாட்டுக்கு வந்தது. அதன் அளவு நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர். அதே அளவுள்ள இரண்டாம் கட்டம் 1980-களின் தொடக்கத்திலும், 27 கோடி லிட்டர் கொண்ட மூன்றாம் கட்டம் 1990-களிலும் நிறைவேறின. நான்காம் கட்டத்தின் முதற்பகுதி 2002-இல் 27 கோடி லிட்டரையும், இரண்டாம் பகுதி 2012-இல் 50 கோடி லிட்டரையும் சேர்த்தன. 2007-இல் மாநகரப் பகுதியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களை முதன்மையாகக் கருதி, ஜப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்ட ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் அளவு 77.5 கோடி லிட்டர்.

நீர் வரும் வழி

கிருஷ்ணராஜ சாகரிலிருந்து விடப்படும் நீர் காவிரியில் ஓடி, சிவ அணைக்கட்டில் திருப்பப்பட்டு, நெட்கல் சமநிலை நீர்த்தேக்கத்தின் வழியாக மண்டியா மாவட்டம் மளவள்ளி வட்டத்திலுள்ள தொரெகாடனஹள்ளியை அடைகிறது. அதுவரை இயற்கையான சரிவே நீரைக் கொண்டுவருகிறது. தொரெகாடனஹள்ளியில் நீர் சுத்திகரிக்கப்படுகிறது. பின்னர் அங்கும், ஹாரோஹள்ளியிலும், தாதகுணியிலும் ஆக மூன்று நிலையங்களில் அடுத்தடுத்து மேலேற்றப்பட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூரை எட்டுகிறது. உயர வேறுபாட்டையும் குழாய்களின் உராய்வையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மூன்று நிலையங்களும் நீருக்கு அளிக்க வேண்டிய மொத்த ஏற்றம் ஏறத்தாழ 500 மீட்டர் ஆகும்.

கோயம்புத்தூருக்குச் சிறுவாணி நீர் மலையிலிருந்து இறங்கி வருவதை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே புவியீர்ப்பு விசை கூலியின்றிச் செய்யும் வேலையை இங்கே மின்சாரம் கூலி பெற்றுக்கொண்டு செய்கிறது.

ஒரு கிலோலிட்டரின் கணக்கு

ஒரு கிலோலிட்டர் நீரின் எடை ஆயிரம் கிலோகிராம். அதை 500 மீட்டர் உயர்த்தக் குறைந்த அளவாக 1.36 அலகு மின்சாரம் வேண்டும். இது இயற்கையின் விதி. எந்தப் பொறியியல் திறமையாலும் இதைக் குறைக்க முடியாது. பம்பிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்பு இதற்கு மேல் வருவது. செலுத்தப்படும் மின்சாரத்தில் எத்தனை பங்கு நீரை உயர்த்தும் வேலையாக மாறுகிறதோ அதுவே பயனுறுதிறன் எனப்படும். பம்பும் மோட்டாரும் சேர்ந்த பயனுறுதிறன் 80 விழுக்காடாக இருந்தால் ஒரு கிலோலிட்டருக்கு 1.70 அலகு செலவாகும். அது 70 விழுக்காடாகக் குறைந்தால் 1.95 அலகு செலவாகும்.

வேறுபாடு கால் அலகுதானே என்று தோன்றலாம். ஆனால் முதற்கட்டத்தைப் போன்று நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர், அதாவது 1,35,000 கிலோலிட்டர், ஏற்றும் அமைப்பில் இந்தக் கால் அலகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 அலகாகவும், ஆண்டொன்றுக்கு 1.2 கோடி அலகாகவும் பெருகுகிறது. ஓர் அலகின் விலை 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 7 கோடி ரூபாய்க்கு மேல் வீணாகிறது. இதற்கு ஈடாக நகருக்கு ஒரு குடம் நீர்கூட மிகுதியாகக் கிடைப்பதில்லை.

ஐந்து கட்டங்களின் திட்ட அளவும் சேர்ந்து நாளொன்றுக்கு 200 கோடி லிட்டரைத் தாண்டுகிறது. இவ்வளவு நீரை இதே ஏற்றத்திற்கு உயர்த்த, இழப்பே இல்லை என்று கொண்டாலும், நாள்தோறும் 27 லட்சம் அலகு தேவைப்படும். வாரியத்தின் செலவில் மின் கட்டணமே மிகப் பெரிய இனமாக இருப்பதன் காரணம் இதுதான். மறுபுறம், 2014-இல் திருத்தப்பட்ட குடிநீர்க் கட்டணம் மீண்டும் 2025 ஏப்ரலில்தான் உயர்த்தப்பட்டது. வருவாய் பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே விகிதத்தில் நிற்க, மின் செலவு மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டிய பணமே முதலில் குறைக்கப்படும் நிலை எந்த நிறுவனத்திற்கும் ஏற்படக் கூடியது. பராமரிப்பு குறைந்தால் பம்பின் திறன் குறையும். திறன் குறைந்தால் மின் செலவு மேலும் ஏறும். இந்த வட்டத்தை உடைப்பதே புதுப்பித்தலின் நோக்கம்.

பம்பு எவ்வாறு முதுமை அடைகிறது?

இத்தகைய நிலையங்களில் பயன்படுபவை மையவிலக்கு விசையால் இயங்கும் பம்புகள். உறைக்குள் வேகமாகச் சுழலும் ஓர் இறக்கைச் சக்கரம் நீரை வெளிப்புறமாக வீசி, அதன் வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. சுழலும் சக்கரத்திற்கும் அசையாத உறைக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அந்த இடத்தில் தேய்மானத்தைத் தாங்குவதற்கென வளையங்கள் பொருத்தப்பட்டிருக்கும். நீரில் கலந்துவரும் நுண்மணலாலும் நெடுங்கால ஓட்டத்தாலும் வளையங்கள் தேய, இடைவெளி அகலமாகிறது. ஏற்கனவே அழுத்தம் பெற்ற நீரின் ஒரு பகுதி அந்த வழியே மீண்டும் உள்வாய்க்குத் திரும்பிவிடுகிறது. பம்பு அதே நீரைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும், மின்மானி ஓடிக்கொண்டிருக்கும், குழாயில் செல்லும் நீர் மட்டும் குறைந்திருக்கும்.

இரண்டாவது காரணம் உட்புறச் சொரசொரப்பு. துருவும் படிவும் உறையின் உட்பரப்பைக் கரடுமுரடாக்குவதால் உராய்வு மிகுகிறது. மூன்றாவது, உள்வாயில் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைவதால் நீரில் ஆவிக் குமிழ்கள் தோன்றி, உயர் அழுத்தப் பகுதியில் அவை வெடித்துச் சக்கரத்தின் உலோகத்தை அரித்தல். பம்புக்குள் கூழாங்கற்கள் உருளுவது போன்ற ஓசை கேட்டால் இந்தச் சிதைவு நடைபெறுகிறது என்று ஐயுற இடமுண்டு. பேரிங்குகள் தளர்வதும், அச்சு நேர்கோட்டிலிருந்து விலகுவதும், எரிந்த மோட்டாரின் கம்பிச்சுற்றைச் சரியான முறையின்றி மாற்றுவதால் அதன் திறன் குறைவதும் இவற்றோடு சேர்கின்றன.

நான்காவது காரணம் பம்பைச் சார்ந்ததன்று. ஒவ்வொரு பம்பும் ஒரு குறிப்பிட்ட நீரளவிலும் ஏற்றத்திலும்தான் தன் உச்சத் திறனைத் தரும். குழாய் பழையதாகி உராய்வு கூடினாலோ, பக்கத்தில் மற்றொரு பம்பு இணைக்கப்பட்டாலோ, அந்த உச்ச நிலையிலிருந்து அது விலகிவிடும். அவ்வாறாயின் பழுதற்ற பம்பும் பழுதுள்ள பம்பைப் போலவே மின்சாரத்தை விழுங்கும்.

அளந்த பின்னரே மாற்றம்

எனவே, பழைய பம்பு என்பதால் மட்டும் அதைக் கழற்றி எறிவது சிக்கனமாகாது. முதலில் நீரளவு, உள்வாய் - வெளிவாய் அழுத்தங்கள், மோட்டார் பெறும் மின்சாரம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். குழாயை வெட்டாமல் வெளிப்புறத்தில் பொருத்தி மீயொலி கொண்டு நீரளவைக் காட்டும் கருவிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. இந்த மூன்று அளவுகளிலிருந்து ஒவ்வொரு பம்பின் உண்மையான திறனும் தெரிந்துவிடும்.

அதன்பின் மூன்று வழிகள் உள்ளன. தேய்வு வளையங்களையும் பேரிங்குகளையும் மாற்றி, உட்பரப்பை வழவழப்பாக்கும் பூச்சைப் பூசுவது முதல் வழி. இதற்குச் செலவு குறைவு. உறையை அப்படியே வைத்துக்கொண்டு, இன்றைய ஏற்றத்திற்கு ஏற்ற புதிய இறக்கைச் சக்கரத்தைப் பொருத்துவது இரண்டாவது. பம்பு, மோட்டார், மின் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தையும் மாற்றுவது மூன்றாவது. உதிரிப் பாகங்கள் கிடைக்காத நிலையிலும், முதல் இரண்டு வழிகளால் திறனை மீட்க முடியாத நிலையிலும் மூன்றாவதே தக்கது.

சுழற்சி வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவிகளைப் பற்றி இன்று பெரிதும் பேசப்படுகிறது. தேவை மணிக்கு மணி மாறும் நகர்ப்புற விநியோக நிலையங்களில் அவை நல்ல பயன் தரும். ஆனால் நாள் முழுவதும் ஒரே அளவாக நீரை உயரத்திற்கு ஏற்றும் நிலையங்களில் வேகத்தைக் குறைக்க வாய்ப்பே குறைவு. அங்கே பொருத்தமான பம்பைத் தேர்ந்தெடுப்பதே பெரிய சிக்கனம்.

சங்கிலியின் கண்ணிகள்

பெங்களூர்த் திட்டத்தில் மூன்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குகின்றன என்பதை மறத்தல் கூடாது. தொரெகாடனஹள்ளியில் மட்டும் ஆற்றல் மிக்க பம்புகளை வைத்து, ஹாரோஹள்ளியில் பழையனவற்றை விட்டுவைத்தால், நகருக்குச் செல்லும் நீர் ஹாரோஹள்ளியின் அளவிலேயே நிற்கும். இடையிலுள்ள தேக்கத் தொட்டிகள் சில மணி நேர வேறுபாட்டைத் தாங்கலாம். நிலையான வேறுபாட்டைத் தாங்கா. ஆகையால் ஒரு கட்டத்தைப் புதுப்பிப்பது என்றால் மூன்று நிலையங்களிலும் அக்கட்டத்திற்குரிய பம்புகளை ஒரே திட்டமாகக் கருதுவதே முறை.

குழாயையும் சேர்த்து எண்ண வேண்டும். நீரளவு 10 விழுக்காடு கூடினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 21 விழுக்காடு கூடும். பழைய குழாயில் பெரிய பம்பைப் பொருத்தி மிகுதியான நீரை எதிர்பார்ப்பது, குறுகிய சந்தில் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

மற்றோர் இடர் மின்தடையின்போது தோன்றுவது. பம்புகள் திடீரென நின்றால், கிலோமீட்டர்க் கணக்கில் நீண்ட நீர்த்தொடர் தன் ஓட்டத்தை இழந்து, அழுத்த அலையாகத் திரும்பித் தாக்கும். இந்த அதிர்ச்சி குழாயையே பிளக்க வல்லது. பழைய பம்புகளின் கனத்த சுழல் பாகங்கள் மின்சாரம் நின்ற பின்னும் சிறிது நேரம் சுழன்று அதிர்ச்சியைத் தணித்திருக்கும். எடை குறைந்த புதிய பம்புகள் விரைவில் நின்றுவிடும். எனவே பம்பை மாற்றும்போது அதிர்ச்சி தாங்கும் தொட்டிகளும் ஒருவழி வால்வுகளும் போதுமானவையா என்பதைப் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும்.

2022 செப்டம்பரில் பெய்த கனமழையின்போது தொரெகாடனஹள்ளி நிலையத்திற்குள் வெள்ளம் புகுந்தது. பெங்களூரின் பல பகுதிகளில் குடிநீர் வழங்கல் தடைப்பட்டது. தெருவில் வெள்ளம், குழாயில் வறட்சி என்ற முரண்பட்ட நிலையை நகர மக்கள் அப்போது கண்டனர். புதுப்பிக்கும் வேளையில் மோட்டார்களையும் மின் பலகைகளையும் வெள்ள மட்டத்திற்கு மேல் அமைப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நீரை நிறுத்தாமல் செய்யும் அறுவை

ஓடும் நிலையத்தைப் புதுப்பிப்பது புதிய நிலையம் கட்டுவதைவிடக் கடினமானது. மாற்றுப் பம்பு ஒன்று இருக்கும் நிலையில்தான் மற்றொன்றைக் கழற்ற முடியும். ஒவ்வொன்றாக மாற்றி, சோதித்து, அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அடித்தளத்தின் அளவும் குழாய் இணைப்பின் நிலையும் பழையனவற்றோடு பொருந்தாவிடில் ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும். பொது இணைப்புக் குழாயில் வேலை செய்ய நேரும்போது மட்டும் முழு நிறுத்தம் தவிர்க்க முடியாதது. அந்த நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவிப்பதும், மருத்துவமனைகளுக்கும் சேமிப்புத் தொட்டியில்லாத குடியிருப்புகளுக்கும் மாற்று ஏற்பாடு செய்வதும் பொறியியல் பணியின் ஒரு பகுதியே ஆகும். ஏனெனில், நிறுத்தத்தின் சுமை அனைவர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. மாடியில் பெரிய தொட்டி உள்ளவர் அதை உணரவே மாட்டார். தெருக்குழாயை நம்பியிருப்பவர் அன்றைய கூலியில் ஒரு பகுதியை நீருக்குக் கொடுக்க நேரிடும்.

விலையும் செலவும்

ஒப்பந்தப்புள்ளி கோரும்போது மிகக் குறைந்த விலையைச் சொன்னவருக்கே பணியை அளிப்பது வழக்கம். பம்பைப் பொறுத்தவரை இந்த வழக்கம் பெரிய இழப்புக்கு இடமளிக்கும். மேலே கண்ட 13.5 கோடி லிட்டர் அமைப்பில் திறன் 80 விழுக்காட்டிலிருந்து 81 விழுக்காடாக, அதாவது ஒரே ஒரு விழுக்காடு, உயர்ந்தால் ஆண்டுக்கு 10 லட்சம் அலகுக்கு மேல் மிச்சமாகும். 15 ஆண்டுகளில் இது ஒன்றரைக் கோடி அலகு. அலகு 6 ரூபாய் என்ற அதே கணக்கில் 9 கோடி ரூபாய். ஆகவே பம்பின் கொள்முதல் விலையோடு, அதன் ஆயுட்கால மின் செலவையும் பராமரிப்புச் செலவையும் கூட்டிப் பார்த்தே ஒப்பந்தப்புள்ளிகளை மதிப்பிட வேண்டும். உறுதியளித்த திறனை நிறுவிய இடத்திலேயே சோதித்துக் காட்டவும், குறைந்தால் இழப்பீடு செலுத்தவும் ஒப்பந்தத்தில் வகை செய்ய வேண்டும்.

இதற்குத் தேவையான சட்ட, நிறுவன அடிப்படை நாட்டில் உள்ளது. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் எரிசக்தித் திறன் ஆணையகம் 2002-இல் நிறுவப்பட்டது. 2015-இல் தொடங்கிய அம்ருத் இயக்கம் நகரங்களின் நீர்ப் பம்புகளில் மின் தணிக்கை நடத்துவதைச் சீர்திருத்தங்களுள் ஒன்றாக வைத்தது. முதலீட்டை மின் சேமிப்பிலிருந்தே திருப்பிச் செலுத்தும் முறையும் நகராட்சிப் பம்புகளுக்காக வகுக்கப்பட்டது.

புதுப்பித்தலுக்கு ஒரு நாட்காட்டி

மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு பம்பறைக் கட்டடத்திற்கு 30 ஆண்டுகளையும், மின் மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும் 15 ஆண்டுகளையும் வடிவமைப்புக் காலமாகக் குறிக்கிறது. அந்த நாளில் பம்பு நின்றுவிடும் என்பது இதன் பொருளன்று. நன்கு பராமரிக்கப்பட்டால் மேலும் ஓடும். ஆயினும் திட்டமிடுவதற்கு இது தக்க அளவுகோல்.

இந்த அளவுகோலைக் காவிரித் திட்டத்தின் மீது வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1974-இன் பம்புகளுக்கு 1989-லும், 2004-லும், 2019-லும் முறை வருகிறது. 2002-இன் பம்புகளுக்கு 2017-இல், 2012-இன் பம்புகளுக்கு 2027-இல், 2024-இன் பம்புகளுக்கு 2039-இல் வருகிறது. வெவ்வேறு வயதுள்ள ஐந்து கட்டங்களைக் கொண்ட நகரத்தில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏதேனும் ஒரு கட்டம் புதுப்பித்தலுக்கு உரியதாகிக்கொண்டே இருக்கும். எனவே இது பழுது நேர்ந்தபின் அவசரமாகத் தேடும் செலவாக இருத்தல் ஆகாது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கும் தேய்மான நிதியின் மூலம் நிறைவேற வேண்டிய நிரந்தரப் பணியாகும் அது.

இத்துடன் ஒவ்வொரு நிலையமும் ஒரு கிலோலிட்டருக்கு எத்தனை அலகு செலவாயிற்று என்ற ஓர் எண்ணை மாதந்தோறும் குறித்துவந்தால் போதும். அந்த எண் மெல்ல ஏறத் தொடங்கும்போதே பம்பின் நலிவு வெளிப்பட்டுவிடும். நோயாளியின் உடல் வெப்பத்தைக் குறிக்கும் அட்டையைப் போன்றது அது.

பம்பைப் புதுப்பிப்பதால் மட்டும் பெங்களூரின் நீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடாது. 500 மீட்டர் ஏற்றிக் கொண்டுவந்த நீர் நகரக் குழாய்களில் கசிந்துபோனால், நீரோடு அதை ஏற்றிய மின்சாரமும் மண்ணில் கலக்கிறது. கசிவைத் தடுப்பது, மழைநீரைச் சேமிப்பது, கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபயன் கொள்வது ஆகியன பம்பின் சுமையைக் குறைக்கும் வழிகள். 2024-இன் கோடையில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டபோது, காவிரிக் குழாயே நகரின் கடைசிப் பிடிப்பாக நின்றது.

காவிரி நீர் பலருக்கும் உரியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கென 4.75 ஆயிரம் மில்லியன் கன அடி கூடுதலாக ஒதுக்கப்பட்டது. மேல்மடையிலும் கீழ்மடையிலும் உள்ள உழவர்களோடு பகிர்ந்துகொண்டு பெறும் நீரை வீணாக்காமல் கொண்டுசேர்க்கும் கடமை அதனோடு சேர்ந்தே வருகிறது. புதிய திட்டத்தின் தொடக்க விழாவுக்குப் பலர் வருவர். பழைய பம்பின் தேய்ந்த வளையத்தை மாற்றும் நாளில் விழா நடைபெறுவதில்லை. ஆயினும் இருக்கும் திட்டங்கள் முழுப் பயனைத் தருவதும், அடுத்த திட்டத்திற்கான பெருஞ்செலவு சில ஆண்டுகளேனும் தள்ளிப்போவதும் அந்த வேலையைத்தான் பொறுத்திருக்கின்றன.